எல்லப்பன் கூட்டிய வேகம்

“இன்னிக்கும் லிஸ்ட்டு நாலு மணிக்கு வரலைன்னா கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிடலாம். பழைய லெட்ஜரே போதும். நீ குடோனுக்குப் போயிடு எல்லப்பா.” சொல்லிவிட்டு மேனேஜர் பாண்டுரங்கன் சாப்பிடப் போனார்.

சரக்கு லிஸ்ட் இல்லாமல் நாலு மணி லாரி கிளம்பாது. அதுகூடப் போகட்டும். தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் கம்ப்யூட்டர் என்றால் ஊரே எட்டிப் பார்க்கும். அந்த வேலையைச் சொல்லித்தான் பிள்ளைப்பாக்கத்தில் எல்லப்பனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். குடோனில் மூட்டை எண்ணுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

இத்தனைக்கும் மிஷின் வந்த புதிதில் பிரமாதமாகத்தான் ஓடியது. ஒரு வாரத்தில் என்ன வந்ததோ, ஆமையாகிவிட்டது.

முந்தின நாள்தான் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ரேடியோ மெக்கானிக் முனிரத்தினத்திடம் புலம்பியிருந்தான்.

“முன்னாடி டர்போன்னு ஒரு பட்டன் இருக்குமே, அத்தப் போட்டாத்தான் முழு ஸ்பீடு.”

“வந்த அன்னிக்கே போட்டாச்சுண்ணே. அப்புறம் அதுமேல கையே வெக்கல.”

“அப்போ கிரிஸ்டல மாத்து. சிப்பு எவ்ளோ வேகமா ஓடணும்னு அதான் சொல்லும். கால் பங்கு ஏறும். ஆனா சூடு தாங்கலன்னா சிப்பு காலி. யோசிச்சுக்கோ.”

யோசித்தான். சிப்பு போனால் வேலை போகும். சும்மா இருந்தாலும் வேலை போகும். போனால் சிப்பு, வந்தால் பெண்டாட்டி. மேனேஜர் சாப்பிட்டு வருவதற்குள் பெட்டியைத் திறந்து, முனிரத்தினம் கொடுத்த கிரிஸ்டலை மாட்டினான்.

கொஞ்சம் வேகம் கூடத்தான் செய்தது. ஆனால் நிம்மதி நாலு நிமிஷம்கூட நிற்கவில்லை. சிப்பைத் தொட்டுப் பார்த்தான். சூடு மாதிரியும் இருந்தது, சித்திரை வெயில் மாதிரியும் இருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று மேனேஜர் அறை டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதன் பக்கம் திருப்பினான். காற்றில் பிரிண்டர் காகிதம் எழும்பிச் சிக்கி, பாதி லிஸ்ட் கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து.

ஆபீஸ் பெருக்கும் பாஞ்சாலி, ஆளில்லாத மேனேஜர் அறையில் லைட்டை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாபா, அதுக்குக் காய்ச்சலா?”

“சும்மா இருங்கக்கா. சூடு ஏறுது.”

ஃபேனை நிறுத்தினான். பயம் கூடியது. கைக்குட்டையைப் பானைத் தண்ணீரில் நனைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சிப்பின் மேல் வைத்தான். கவரில் ஓட்டை இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். உள்ளே ‘டப்’ என்றது. திரை இருண்டு, கருகல் வாடை வந்தது.

பாண்டுரங்கன் வந்து பார்த்தார். பீரோவைத் திறந்து லெட்ஜரை எடுத்தார்.

“எங்க தப்பு பண்ணேன்னே புரியலக்கா,” என்றான் எல்லப்பன்.

பாஞ்சாலி தரைத் தண்ணீரைத் துடைத்தபடி ஆறுதல் சொன்னாள்:

“வுடுபா, நானும் என்னால ஆனதப் பண்ணேன், பொட்டி வந்த வாரமே முன்னாடி ஒரு மஞ்ச லைட்டு சும்மா எரிஞ்சிக்கினு கெடந்துது, கரண்டு வீணாவுதேன்னு பக்கத்துப் பட்டன அமுக்கி அன்னிக்கே அணைச்சுட்டேன்.”