கடல் தாண்டி வந்த காற்று

காற்றுத் தூய்மை அலுவலகம் காற்றைத் தூய்மையாக வைத்திருப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது. ஆகவே அங்கே ஜன்னல்களைத் திறப்பதில்லை. தையல்காரம்மா அங்கே ஒரே ஒரு கோரிக்கையோடு போனாள். வீட்டு வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள் எஞ்சினை அணைக்க வேண்டும், மகளுக்கு மூச்சிரைப்பு.

"ஓசோன் அளவு அதிகமாத்தான் இருக்கும்மா, கருவி காட்டுது," என்றார் அதிகாரி. "வண்டிப் புகையில வெயில் பட்டா உண்டாகிற விஷக்காத்து."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். வாசல்ல லாரி, மேலே வெயில்."

"அவசரப்படாதீங்க. கடல் தாண்டி அடுத்த கண்டத்துல இருந்தும் அது வருதாம். எது உள்ளூர், எது வெளியூர்னு தெரியாம ஒரு லாரிக்காரர் மனசை எப்படி நோகடிக்கிறது?"

உடனே அக்கரை அதிகாரியைக் கணினித் திரையில் அழைத்து வன்மையான கண்டனம் தெரிவித்தார். அவரோ, தமக்கு வருவதெல்லாம் இங்கிருந்து போவதே என்று பதில் கண்டனம் தெரிவித்தார். இருவர் முகமும் மலர்ந்தன.

"பாத்தீங்களாம்மா? உங்க வாசல் புகை ஏற்றுமதி. உங்க பொண்ணு இழுக்கிறது இறக்குமதி. லாரியை அணைச்சா ஏற்றுமதி படுத்துடும்."

"அப்ப எம் பொண்ணு மூச்சு?"

"அது உள்நாட்டு விவகாரம். வேற இலாகா."

ஆனாலும் அலுவலகத்துக்கு ஈரமில்லாமல் போகவில்லை. அயல்காற்று மேற்கிலிருந்து வருவதால், ஊரிலுள்ள மேற்கு ஜன்னல்கள் அனைத்துக்கும் கனத்த திரைச்சீலை போடும்படி ஆணை பிறந்தது. தைக்கும் பொறுப்பு தையல்காரம்மாவுக்கே அளிக்கப்பட்டது. "சாமி, ஒரு வழியைக் காட்டிட்டே," என்று கும்பிட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

திரை நாகரிகமாகிவிட்டது. மேற்கே ஜன்னல் இல்லாதவர்கள் வெறுஞ்சுவரில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, எனக்கு மட்டும் ஜரிகை வச்சுக் குடுங்க," என்று தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். கணினித் திரையில் இதைப் பார்த்த அக்கரை அதிகாரிக்கும் ஆசை வந்து, தம் ஊருக்குக் கப்பலில் அனுப்பச் சொன்னார்.

சரக்கு ஏற்ற லாரி வாசலில் வந்து உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே மகள் இருமினாள். டிரைவர் நல்ல மனுஷன்.

"பாப்பாவுக்குப் புகை ஆகாது போலிருக்கேக்கா. அணைச்சிடட்டுமா?"

தையல்காரம்மா கட்டிவைத்த மூட்டைகளைப் பார்த்தாள்.

"வேண்டாம் தம்பி, ஓடட்டும். அணைச்சிட்டு மறுபடி கிளப்பறதுக்குள்ள கப்பல் போயிடும்."

பிறகு உள்பக்கம் திரும்பி, "கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கோ கண்ணு," என்றாள்.