ஞாயிற்றுக்கிழமை ஜெபம் யாருக்கு?

கிழக்குத் தாம்பரம்,
19-5-1971

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் சுவிசேஷமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை சாராளின் கணவன் லாசரஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே ஒன்பது பேரும் சுகம். லீவு கிடைக்காமல் கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்ட தாங்களும் சுகமென்று நம்புகிறேன். ஒரு வகையில் தாங்கள் வராததே நல்லது. வந்திருந்தால் தங்கள் சின்னத் தங்கை தபீதாளின் கணவர், அதாவது என் சகலை தனசிங், இங்கே நடத்துகிற தர்பாரைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்.

இது கோடை லீவுக்கென்று இரண்டு குடும்பமும் அத்தையும் சேர்ந்து எடுத்த மாடி போர்ஷன். ரூம் இரண்டு, ஃபேன் ஒன்று. வந்து இறங்கின அன்றே, குழந்தைக்கு வேர்க்குரு என்று ஃபேன் ரூம் தனசிங்குக்குப் போய்விட்டது. எனக்கும் வேர்க்குருதான், அதற்காக முதுகைத் திறந்து காட்டவா முடியும்? போகட்டும் என்று வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், வெயிலில் அலைந்து, அத்தைக்கு ஒரு கூடை மாம்பழம் வாங்கி வந்தேன். எனக்குத் தெரியாமல் அதே சந்தைக்குப் போன தனசிங், பழைய சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கித் தலையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அத்தை அதில் சாய்ந்துகொண்டு, என் மாம்பழத்தைச் சாப்பிட்டபடியே நாற்காலியைப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது மச்சான், உங்களிடம் ஒளிப்பானேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன், ஜெப விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் வீட்டில் பெண் எடுத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. மாமா இருந்தவரை மாமா, அப்புறம் நீங்கள், நீங்கள் இல்லாத இடத்தில் மூத்த மாப்பிள்ளை நான், இதுதானே குடும்ப ஜெபத்தில் முறை? ஆனால் முதல் நாள் சாயங்காலமே அத்தை, "தனசிங், நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றுவிட்டார்கள். அவர் ஜெபம் மொத்தம் ஐந்து நிமிஷம். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வார், கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா கங்கையம்மாளின் மூட்டுவலிக்கு ஒரு வார்த்தை, உடனே ஆமென். என் பிள்ளைகளே சித்தப்பா ஜெபம்தான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

திங்கட்கிழமை தனசிங்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்காக நான் ஜெபித்தேன் என்று சாராள் சொல்வதை நம்பாதீர்கள். வேறு வழியில்லாமல் அத்தை என்னைக் கேட்டார்கள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, ஆதாமில் தொடங்கி நாற்பது நிமிஷம் ஜெபித்தேன். மிஷனரிகளிடம் வந்தபோது அடுக்களையில் தட்டு உருண்டது. ஆமென் சொல்லுமுன் கண்ணைத் திறக்கிற பழக்கம் நம் குடும்பத்தில் உண்டா? மழைக்காக மன்றாடும்போது கீழேயிருந்து கங்கையம்மாள், "இன்னா சார், பூனை மதில் மேல குந்திகினு மீன் துன்னுது, வூட்ல ஆரும் இல்லியா?" என்று மூன்று தரம் கேட்டார். எல்லாம் முடிந்து போய்ப் பார்த்தால், பொரித்து வைத்த பன்னிரண்டு துண்டு வஞ்சிரமும் போய்விட்டது, தட்டில் மிளகாய்த்தூள் மட்டும் இருந்தது. உடனே தனசிங் கட்டின தொண்டையோடு, அடுக்களைக் கதவைச் சாத்தாமல் வந்தது தான்தான் என்றார். அதற்கும் அத்தை, தப்பை ஒத்துக்கொள்கிற மனசு யாருக்கு வரும் என்று மெச்சுகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு அறுபது வயது நிறைகிறது. ஸ்தோத்திர ஜெபத்துக்குப் போதகரும் வருகிறார். அன்றைக்கும் தனசிங்தான் எழுந்து நிற்பார் என்றால், நான் மூத்த மாப்பிள்ளையாக இருந்து என்ன பிரயோஜனம்? ஆகவே நீங்களாகவே யோசித்தது போல, ஜெபத்தை லாசரஸ் செய்யட்டும் என்று அத்தைக்கு உடனே ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

ஞானஜோதி அக்காவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புள்ள,
லாசரஸ்

பி.கு.: கவரை ஒட்டும்போது தனசிங் வந்து, வெயிலில் அண்ணன் ஏன் போக வேண்டும், நானே தபாலில் போடுகிறேன் என்று கை நீட்டினார். கொடுக்க மனம் வராமல் மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். அந்தக் கதவைச் சாத்தாதது நான். ஜெபத்தின் நடுவில், தனசிங் உருகுகிறாரா என்று பார்க்க ஒரு கண்ணைத் திறந்தேன். திறந்து கிடந்த அடுக்களைக் கதவு வழியே, பூனை மீன் தட்டருகே நிற்பது தெரிந்தது. தனசிங்கும் கண்ணைத் திறந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டோம், நான் ஜெபத்தைத் தொடர்ந்தேன். இன்றுவரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவரே ஜெபிக்கட்டும், நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறேன்.