தொட்டிச் செடிக்கு ஏற்றிய குளுக்கோஸ்

பேகம்பூர், திண்டுக்கல்

அன்புள்ள ஜெய்தூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வெயிலும் நலம். சென்னையில் நீயும் நம் மகள் ஃபர்ஹீனும், பிறந்து முப்பது நாளான பேரனும் நலமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதமென்றால் முழுசாகப் படித்த பிறகுதான் திட்ட முடியும்.

விஷயம் உன் மல்லிகை. "குழாயடித் தொட்டிக்குத் தண்ணி ஊத்துங்க. நான் வாரப்ப காஞ்சு கெடந்துச்சு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுத்தானே பஸ் ஏறினாய்? பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் ஃபர்ஹீன் தலைக்கு அந்தப் பூவைத்தான் வைப்பேன் என்றும் சொன்னாய். குழாயிலோ பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது. அதனால் தொழுகைக்கு முன்னால் முகம், கைகால் கழுவும் ஒளுவைத் தொட்டிக்கு எதிரே முக்காலி போட்டுச் செய்தேன். தினமும் ஐந்து செம்புத் தண்ணீர், ஒரு சொட்டு வீணில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, ஒரு கொண்டைக்குருவி அந்தச் செடியில் கூடு கட்டி மூன்று முட்டை இட்டுவிட்டது. அதன் பிறகு நான் செம்போடு போனாலே தலைக்கு மேல் பறந்து கத்துகிறது. ஆயக்குடிக் கொய்யா நறுக்கி வைத்துச் சமாதானம் பேசினேன். கொய்யாவைத் தின்றுவிட்டு மறுபடியும் கத்தியது. நான் ஒதுங்கிப் போனேன். மூன்றே நாளில் இலை பாதி கொட்டிவிட்டது. செடியைப் பார்த்தால் குருவி பாவம், குருவியைப் பார்த்தால் செடி பாவம், இரண்டையும் பார்த்தால் உன் முகம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் உன் தம்பி இஷாக்தான் வழி சொன்னான். காலி குளுக்கோஸ் பாட்டிலில் ஒளுத் தண்ணீரைப் பிடித்து, துணிக்கொடியில் தொங்கவிட்டு, குழாயைத் தொட்டிக்குள் விட்டோம். சொட்டுச் சொட்டாக இறங்கியது. குருவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சுவருக்கு மேலே பாட்டில் தெரிந்திருக்கிறது. நைனா முகமதுக்கு வீட்டிலேயே குளுக்கோஸ் ஏறுகிறதாம் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குள் தெரு முழுக்கப் பரவி, ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஆள் வர ஆரம்பித்தார்கள். எதிர் வீட்டு அப்துல் கையூம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்னத்தா, இம்புட்டு முடியாமக் கெடக்க, ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். செடிக்கென்று சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டு தடவை இருமிக் காட்டினேன். ஹார்லிக்ஸ் மட்டும் ஏழு பாட்டில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு மொட்டுகூட வரவில்லை, ஜெய்தூன். என்னை மன்னித்துவிடு. உன் கை பட்டால்தான் பிழைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. எனக்காக அல்ல, செடிக்காக.

பேரனுக்கு என் முத்தம். உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் குளிர்ந்த காற்றையும் தரட்டும்.

இப்படிக்கு,
நைனா முகமது

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பக்கத்து வீட்டு அன்புக்கரசி ஒரு முழம் மல்லிகையோடு வந்தாள். "மதினி ஊருக்குப் போற அன்னைக்கே மல்லித் தொட்டிய எங்க வீட்ல வச்சிட்டாங்கண்ணே. உங்களுக்கு மருதாணியத்தான் விட்டுட்டுப் போனாங்க. அது என்ன செஞ்சாலும் சாகாதுன்னாங்க" என்றாள். நான் நம்பவில்லை. அந்தச் செடியின் இலையைக் கசக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். இதை எழுதும் கை சிவந்திருக்கிறது. பெருநாளைக்கு நீ அரைத்து வைத்த பிறகுதானே மருதாணியை நான் பார்த்திருக்கிறேன்! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். செடிக்காக நீ வர வேண்டியதில்லை. குருவிக் குஞ்சுகள் மூன்றும் கண் திறந்துவிட்டன, அதற்காக வா என்று எழுதலாம். ஆனால் அவற்றுக்கு அம்மா பக்கத்திலேயே இருக்கிறது. வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. எனக்காக வா.