செங்கமலம் டீச்சருக்குச் சுமை குறைந்த கதை

ஒரு காட்டில் ஒரே பள்ளிக்கூடம், அதற்கு ஒரே டீச்சர் என்றால் அவருக்கு என்ன வேலை இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? பாடம் நடத்துவது என்று சொன்னால், நீங்கள் அந்தப் பக்கமே போனதில்லை என்று அர்த்தம்.

செங்கமலம் டீச்சர் ஒரு காட்டுக்கோழி. காலையில் பள்ளியைக் கூட்டுவார். வருகைப் பதிவைக் கைபேசியில் ஏற்ற, சிக்னல் தேடிக் கூரைமேல் ஏறுவார். மதியச் சாப்பாட்டு முட்டைக்குக் கணக்கு எழுதுவார். ஒரு கோழியிடம் கொடுக்கிற வேலையா அது? மிச்ச நேரத்தில்தான் ஐந்து வகுப்புக்கும் பாடம்.

அந்த வருஷம் பக்கத்துக் காட்டில் மழை இல்லை. மான்கள் பிழைக்க வந்தன, குட்டிகளைப் பள்ளியில் சேர்த்தன. பாஷை தெரியாது. டீச்சர் இலையைக் காட்டி "இலை" என்பார். குட்டிகள் அதைத் தின்றுவிட்டு "இலை" என்று சொல்லும். அப்படியே வாசிக்கவும் கற்றுக்கொண்டன.

டீச்சர் சிங்கராஜாவிடம் போனார். "ராஜா, இன்னொரு டீச்சர் போட்டுக் குடுங்க. அது போதும்."

சேதி கசிந்தது. நரி ஏகாம்பரம் மேடை போட்டுவிட்டார். "வந்தேறிக் குட்டிகளால நம்ம டீச்சர் இறகு உதிர்ந்து நிக்கிறாங்க!"

கரடி பரஞ்சோதி எதிர்மேடை போட்டார். "பொய்! டீச்சருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. முகம் எப்படிச் சிரிச்ச மாதிரி இருக்கு, பாருங்க!"

"அலகே அப்படித்தாங்க," என்றார் டீச்சர். "நான் கேட்டது இன்னொரு டீச்சர்…"

"நீங்க சும்மா இருங்க டீச்சர், உங்களுக்காகத்தானே பேசுறோம்!" என்றார்கள் இருவரும். அதில் மட்டும் ஒரே குரல்.

இரண்டு கூட்டத்துக்கும் பெஞ்சு பள்ளியிலிருந்துதான் போனது. சுமந்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

கடைசியில் சிங்கராஜா டீச்சர்மேல் இரக்கப்பட்டு, மான்களை ஆற்றின் அக்கரைக்கு அனுப்பினார். கிளம்பும்போது ஒரு தாய்மான் வந்தது.

"உங்களுக்கு இவ்வளவு தொல்லை குடுத்தோம்னு தெரியாமப் போச்சு டீச்சர், மன்னிச்சுக்குங்க."

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும்தான். உங்களைத் தவிர."

மறுநாள் பாதி வகுப்பு காலி. அடுத்த வாரமே அரண்மனை ஆணை வந்தது: பிள்ளைகள் குறைவு, ஆகவே டீச்சர் உபரி, பள்ளி மூடப்படுகிறது, டீச்சர் அக்கரைக்கு மாற்றம். நரியின் குட்டியும் இப்போது ஆற்றைத் தாண்டித்தான் படிக்கப் போகிறது.

டீச்சர் அக்கரையில் இறங்கியபோது அங்கேயும் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் ஓநாய் ஓடி வந்து கும்பிட்டார்.

"வாங்க டீச்சர்! வெளிக்காட்டு ஆளுங்களால உங்களுக்கு எவ்வளவு சிரமம்! அவங்க யார் யாருன்னு கணக்கெடுக்கப் போறோம். கோச்சுக்காம வீடு வீடாப் போய் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. முதல் பேரா உங்க பேரைப் போட்டுக்குங்க."

நீதி: சுமை கனக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாதே, சுமையை விட்டுவிட்டு உன்னை இறக்கி வைத்துவிடுவார்கள்.