கேட்காரரும் மூன்று மைக்குகளும்

சென்னைக்கு மேற்கே சத்தத்துக்குப் பரம எதிரி என்று ஒருவர் இருந்தால், அது எங்கள் கேட்காரர்தான். கொரட்டூர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் பொறுமையாக நின்று, தன் முறை வந்ததும், "சார், ஞாயித்துக்கெயமை மட்டும் அந்த ரயில் ஆரனைக் கொஞ்சம் தள்ளிப் போய் அடிக்கச் சொல்ல முடியுமா?" என்று கேட்ட மனிதர் அவர். உள்ளே இருந்தவர் நல்ல மாதிரி. "எவ்வளவு தள்ளி?" என்றார்.

"ஆவடில."

பெயரை வைத்து ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக டமார் டமார் என்று வாழ்ந்தவர். அதை விட்டு வந்ததும், காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, யூடியூப் பார்த்து ஒலிப்பதிவு கற்றுக்கொண்டார். ஓய்வு கொடுக்க நினைப்பவர்கள் சாதாரணமாகத் தூங்குவார்கள். இவர் மைக் வாங்கினார்.

நான் அவரிடம் மாட்டிய கதை வேறு. விருதுநகரிலிருந்து வந்து கொரட்டூரில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருந்தேன். ஐ.டி. வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. வாரம் முழுக்க நேருக்கு நேர் ஒரு மனித ஜீவனிடம் நான் பேசிய பேச்சு, "வாசல்லயே வச்சிடுங்க" என்பது மட்டும்தான். பைக் சீட் கிழிந்துபோய் பூந்தமல்லிக்குப் போனபோது, அங்கே சீட் உறை தைக்கும் சலீம் பாய் பேச்சுக் கொடுத்தார். சீட் தைத்து முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "தம்பி, ஞாயித்துக்கெழம நாங்க சும்மா பேசி ரிக்கார்ட் பண்ணி நெட்டுல போடறோம். நீயும் வாயேன்" என்றார்.

கொரட்டூரில் பாயின் சிநேகிதருடைய மெத்தைக் கடையின் மாடிதான் எங்கள் ஸ்டூடியோ. சுற்றிலும் மெத்தை, சத்தம் எதிரொலிக்காது; கொட்டாவிதான் வரும். மேஜையில் மூன்று மைக். ஒன்று பாய்க்கு, ஒன்று எனக்கு, இன்னொன்று நசரத்பேட்டையிலிருந்து வரும் சுகந்திக்கு. சுகந்தி வங்கியில் வேலை பார்ப்பவர். காதில் ரகசியம் சொல்கிற குரல். மூலையில் லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு நரைத்த தலை. போன உடனே அந்தத் தலை என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"நைனா, காலைல இன்னா துன்னே?"

"பூரிண்ணே."

"போச்சு. வவுறு பேசும்."

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மூன்று மைக்கும் திறந்தே இருக்கின்றன. ஒருவர் பேசும்போது மற்ற இரண்டு மைக்கும் சும்மா இருக்காது. ஃபேன், பாயின் மூச்சு, என் வயிற்றுப் பூரி, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்து கொட்டும். அதனால் ஒவ்வொரு மைக்குக்கும் சாஃப்ட்வேரில் 'கேட்' என்று ஒரு ப்ளக்-இன் போடுவார் அந்த நரைத்த தலைக்காரர். குரல் வந்தால் திறக்கும், நின்றால் மூடும். அது போதாதென்று, கேட்டுக்கு முன்னால் சின்னச் சின்ன இரைச்சலை அமுக்க எக்ஸ்பாண்டர் என்று ஒன்று. பின்னால், கத்துகிறவரைத் தட்டி உட்காரவைக்க கம்ப்ரஸர் என்று ஒன்று. "கம்ப்ரஸரை மொதல்ல போட்டியானா, நம்ம கொரலோட ஃபேனும் சரிசமமா குந்திக்கும்" என்பார். அவருக்கு கேட்காரர் என்று பெயர் வைத்தது பாய். சொந்தப் பெயரைக் கேட்கும் அளவுக்கு எங்களில் யாருக்கும் அவசியம் வரவில்லை.

மே மாதத்தில் ஃபேனை நிறுத்தினார். கஞ்சி போட்ட சட்டை மொறுமொறுக்கிறது என்று என்னை டீ ஷர்ட்டுக்கு மாற்றினார். சுகந்தியின் வளையலைக் கழற்றவைத்தார். பாயின் சிரிப்பைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேஜையை ஆட்டும். பாய் சிரித்தால் அவருடைய கேட் மட்டுமில்லை, மூன்று கேட்டும் ஒன்றாகத் திறந்துகொள்ளும். கேட்காரர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

"பாய், கொஞ்சம் வாய மூடிகினு சிரிக்கக் கூடாதா?"

"அது எப்டிங்க சிரிக்கிறது?"

"என்னியப் பாரு" என்று இவர் சிரித்துக்காட்டுவார். பல் வலிக்காரர் போட்டோவுக்கு நிற்பது போல இருக்கும். அதைப் பார்த்துப் பாய் இன்னும் சிரிப்பார். மறுபடி மூன்று கேட்டும் திறக்கும்.

ஆட்களை எடைபோடுவதும் இதே கணக்கில்தான். என் மேனேஜர் போனில் பேசுவதை ஒரு தடவை கேட்டுவிட்டு, "இந்தாளு கேட் மூடவே மாட்டேங்குதுபா. விசயம் முடிஞ்சும் பேசிகினே கீறாரு" என்றார். அதற்குமேல் அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சுகந்தி வீட்டில் பூகம்பம் வந்தது.

சமையலைப் பற்றிய பேச்சு அன்றைக்கு. சுகந்தி சொன்னது இதுதான்: "எங்க அத்தை சமையல்ல குறை சொல்ல முடியும்னு எனக்குத் தோணல." நல்ல வார்த்தை. ஆனால் சுகந்தியின் குரல் வாக்கியத்தின் வால்பக்கம் வரும்போது இன்னும் தேய்ந்துவிடும். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து கேட் மூடிக்கொண்டது. நெட்டில் போனது: "எங்க அத்தை சமையல்ல குறை சொல்ல முடியும்."

அத்தை என்பது மாமியார். மாமியாருக்கு செல்போன் உண்டு. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்ததே அவர்தான், மருமகள் பேசுகிறாள் என்ற பெருமையில்.

அடுத்த ஞாயிறு சுகந்தி வந்தார், உட்காரவில்லை. "அத்தை என்கிட்ட பேசறதில்லண்ணா. சமையல்கட்டுக்கே வரமாட்டேங்கறாங்க. நான் சொன்னதைச் சொன்னா நம்பறதுக்கு ஆளில்ல. இனிமே நான் வரல" என்று கண்கலங்கினார். கேட்காரர் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். "வாங்க, போலாம்" என்றார்.

நசரத்பேட்டை வீட்டில் மாமியார் ஹாலில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கேட்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, பெரிய ஹெட்போனை அந்த அம்மாவின் கொண்டை கலையாமல் மாட்டிவிட்டார். "அம்மா, இது நான் வெட்றதுக்கு முந்தி. உங்க மருமவ பேசினது பேசினபடி கீது. தப்பு என்னுது."

அந்த அம்மா கேட்டார். முகம் மெல்ல இளகியது. "தோணலன்னுதான் சொல்லியிருக்கா" என்றார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகந்திக்கும் அழுகை வந்துவிட்டது. திடீரென்று கேட்காரர் பாய்ந்து ஹெட்போனைப் பிடுங்கினார்.

"அவ்ளோதாம்மா, முடிஞ்சிபோச்சி!"

தெருவுக்கு வந்த பிறகு, ஏன் அப்படிப் பறித்தீர்கள் என்று கேட்டேன். "அதுக்கப்பால தங்கச்சி பாய்கிட்ட மெல்லமா, 'உப்புதான் கொஞ்சம் தூக்கலா போடுவாங்க'ன்னுச்சு" என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சரியான நேரத்தில் மூடிய கேட் அதுதான்.

அன்றைக்குப் பிறகு சுகந்தியின் மைக்குக்கு மட்டும் தனி ஏற்பாடு. கேட்டையே எடுத்துவிட்டார். ஒன்றுக்கு இரண்டாக எக்ஸ்பாண்டர் போட்டு, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்ய வைத்தார். குரல் தேய்ந்தாலும் வால் அறுபடாது. "தமிழ்ல ஆமாவா இல்லியான்றது கடசீலதான் வருது நைனா. அவசரப்பட்டு மூடினா ஆளே மாறிப்பூடறான்."

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு ஞாயிறு வரவில்லை. போன் செய்தால், "ஒண்ணுமில்ல, சரியாய்டும்" என்று வைத்துவிடுவார். நாங்கள் மூவரும் ஒரு மத்தியானம், ரசம் சாதமும் இளநீருமாகக் கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனோம். அதுவரை யாரும் போனதில்லை.

படியேறும்போதே உள்ளே கூட்டமாகப் பேச்சுக் குரல். டம்ளர் வைக்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமுகிறார்கள், பெரிதாகச் சிரிக்கிறார்கள். "சொந்தக்காரங்க வந்திருக்காங்க போல. குடுத்துட்டுக் கிளம்பிடலாம்" என்றார் சுகந்தி. பாய் மட்டும் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சிரிக்கிறது நான்."

கதவு திறந்தது. லுங்கியும் போர்வையுமாகக் கேட்காரர். அவருக்குப் பின்னால் மூன்று அறை வீடு, ஒரு ஆள் கிடையாது. மேஜையில் லேப்டாப், ஸ்பீக்கர். மூன்று மைக்கும் திறந்திருக்க, கேட் எதுவும் போடாமல் ஓடிக்கொண்டிருந்தன எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். ரிக்கார்டிங்குக்கு முந்திய அரட்டை, சுகந்தியின் வளையல், பாயின் மூச்சு, என் பூரி வயிறு. அவர் வெட்டி எறிந்ததாக நாங்கள் நினைத்திருந்த அத்தனையும்.

அவசரமாகப் போய் நிறுத்தினார். நிறுத்திய பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. என் ஃப்ளாட்டும் அப்படித்தான் இருக்கும்.

"அண்ணன் புள்ளைங்கோ இங்கதான் இருந்துச்சுங்க" என்றார், எங்களைப் பார்க்காமல். "ஓசூருக்குப் பூட்டாங்க. ஊடு சத்தமே இல்லாம ரொம்ப சுத்தமா ஆயிடுச்சு. அதான்... தனியா சமைக்கசொல்ல இத்தப் போட்டுவுடுவேன்."

பாய் ரசம் சாதத் தூக்குவாளியை டங்கென்று மேஜையில் வைத்தார். "தட்டு எங்க கீது? பசிக்குது" என்று சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தார். தேவைக்கு மேலேயே உருட்டினார்.

இப்போது அந்தப் பாட்காஸ்ட் இல்லை. சுகந்தி மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார், மாமியாரோடுதான். பாய்க்குக் கடை பெரிதாகி ஞாயிறும் திறக்க வேண்டியதாகிவிட்டது. நான் இன்னும் அதே ஃப்ளாட்டில், எல்லோரும் மைக்கை மூடிவைத்துக்கொண்டிருக்கும் ஆபீஸ் மீட்டிங்குகளில், என் முறைக்காகக் காத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கள்ளிக்குப்பம் போவேன். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். அவர் கத்தரிக்காய் நறுக்குவார், நான் அப்பளம் பொரிப்பேன். சாயங்காலம் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தால், "மெதுவா மாட்டு நைனா, இன்னா அவசரம்" என்பார். நானும் வார் சரியில்லாத மாதிரி, ரொம்ப நேரம் குனிந்தே இருப்பேன்.