கனகசிங்கத்தின் காற்று

பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லிப் பத்து நிமிடம் ஆகவில்லை, புகை வந்துவிட்டது. ரிஸ்லா குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்தால், அது மாமாவின் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து நேரே கட்டிலுக்குப் போகிறது. கட்டிலில் ஸெய்னுதீன் மாமா கண்ணை மூடிக்கொண்டு இருமுகிறார்.

"யா அல்லாஹ், இண்டைக்குமா," என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"சாத்தாத மகள், புழுங்குது," என்றார் மாமா.

போன மாதம்தான் மூச்சு இழுத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த மனிதர். "ஐம்பது வருசம் சிகரெட் பத்தின நெஞ்சு இது. இனிப் பத்தவும் கூடாது, பத்துற ஆக்கள்ற பக்கத்துல இருக்கவும் கூடாது. இன்னொருக்கா இழுத்தா நான் பொறுப்பில்ல," என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் கணவன், மாமாவின் மகன் றிஸ்வியோ கட்டாரில் இருந்துகொண்டு, "வாப்பாவ உங்கட கையிலதான் விட்டிருக்கன்," என்று தினமும் போனில் சொல்கிறான். அந்த வார்த்தை ரிஸ்லாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. வீட்டிலிருந்த சிகரெட் பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் எறிந்தாள். சந்திக் கடைக்கு நழுவிப் போகாமல் இருக்கப் படலைக்கும் பூட்டுப் போட்டாள்.

எல்லாம் சரி, பக்கத்து வளவுக் கனகசிங்கத்தை என்ன செய்வது? பூட்டுப் போட ஏலாதே.

கனகசிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகு ஓட்டியவர். அதே துறைமுகத்தில் மாமாவுக்கு சிக்னல் கம்பத்தில் கொடி ஏற்றும் வேலை. மாமா கொடி ஏற்ற, அதைப் பார்த்து அவர் படகைத் திருப்ப, அப்படியே முப்பது வருடம் ஓட்டிவிட்டு இருவரும் ஓய்வுபெற்றார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, காற்று அவருக்குக் கட்டுப்பட்டதுதான். மிளகாய் காயவைப்பதென்றாலும், கல்யாணப் பந்தல் போடுவதென்றாலும் தெருச்சனம் முதலில் அவரைத்தான் கேட்கும். குச்சவெளியிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள்கூடப் போன் எடுப்பார்கள். மனிதர் முற்றத்துக்கு வந்து, விரலை எச்சிலில் நனைத்து உயர்த்திப் பிடிப்பார். "கச்சான் காத்து இப்ப நிக்கும். மூண்டேமுக்காலுக்குக் கடல் காத்துத் திரும்பும்," என்பார். மூன்றேமுக்காலுக்குத் திரும்பும். ஒருநாளும் பிழைத்ததில்லை. அவரைக் கண்டால் ரிஸ்லாவுக்கு மரியாதையும் பயமும் சேர்ந்தே வரும்.

அந்தப் பயத்தோடுதான் வேலியடிக்குப் போனாள். கனகசிங்கம் கதிரையில் சாய்ந்திருந்தார். விரலிடுக்கில் சிகரெட் தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, குறை நினைக்காதீங்க. மாமாட நெஞ்சு சரியில்ல. இந்தப் புகை..."

"பிள்ளை, நான் காத்துப் பாக்காமப் பத்தவைக்கிற ஆளே? புகை போகவேண்டிய இடத்துக்குத்தான் போகும். நீங்கள் யோசியாதேங்கோ."

ரிஸ்லாவுக்குப் பாதி உயிர் வந்தது. மறுநாள் அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தாங்கியடிக்குப் போவதைக் கண்டு, மனதுக்குள் அவருக்காக துஆவும் செய்தாள். ஐந்து நிமிடத்தில் புகை முன்னையதைவிடக் கட்டியாக ஜன்னலுக்குள் வந்தது.

வேலி நீளத்துக்கும் நீலத் தறப்பாள் கட்டினாள். கனகசிங்கம் வந்து தறப்பாளை மேலும் கீழும் பார்த்தார். விரலை நனைத்தார். கதிரையை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தி உட்கார்ந்தார். புகை தறப்பாளோடு ஒட்டி ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, வளைந்து இறங்கி, கம்பிக்குள் போனது. ரிஸ்லா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கோபப்படக்கூட மறந்துவிட்டது. புகைக்கும் ஓடுபாதை தெரியுமா என்ன?

மேசைக் காற்றாடியை ஜன்னலுக்கு வெளியே பார்க்க வைத்து, வேகத்தை முழுதாகத் திருப்பினாள். அது அறைக் காற்றையெல்லாம் வெளியே தள்ள, முன் வாசலால் புகை இழுபட்டு வந்து வீடு முழுக்க நிறைந்தது. குசினியில் நின்ற அவளுக்கே இருமல் பிடித்தது.

கடைசியில் மாமாவின் கட்டிலையே பின்னறைக்கு மாற்றினாள். கட்டில் உள்ளே போக அலுமாரி வெளியே வரவேண்டியதாயிற்று. அலுமாரி விறாந்தையை அடைத்துக்கொள்ள, ரிஸ்லா தன் வீட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் நடக்கவேண்டி வந்தது. முணுமுணுக்காமல் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்காத மாமா இதற்கு மட்டும் உடனே சம்மதித்தார்.

"நீ பட்ட பாடு போதும் மகள். முன் ஜன்னல்ல கட்டியிருக்கிற என்ட சிவப்புத் துவாய மட்டும் எடுத்துத் தா. ஒளு எடுத்தா முகம் துடைக்கோணும்."

அந்தப் பணிவில் ரிஸ்லாவுக்குக் கண் கலங்கியது. துவாயைத் தோய்த்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அஸர் பாங்கு சொன்னது. மாமா கைகால் கழுவி ஒளு எடுத்து, முகம் துடைத்து, ஈரத் துவாயைப் பின்ஜன்னல் கம்பியில் காயக் கட்டிவிட்டுத் தொழ நின்றார்.

பின்னறைக்கும் கனகசிங்கத்தின் முற்றத்துக்கும் நடுவில் முழு வீடு இருக்கிறது. கிணறு இருக்கிறது, வாழை இருக்கிறது. ரிஸ்லா கிணற்றடியில் காவல் நின்றாள். வேலி மூலைக்கு மேலால் கனகசிங்கத்தின் தலை ஒருதரம் எட்டிப் பார்த்து மறைந்தது. மாமா தொழுது முடித்துக் கட்டிலில் சாய்ந்திருப்பார். வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு மெல்லியதாய் ஒரு புகை வந்தது. வாழை இலையைத் தொடாமல், கிணற்றுக் கட்டைத் தாண்டி, அவள் தோளருகால் போய், பின்ஜன்னலுக்குள் நுழைந்தது. ஜின் ஏதும் கூடவருகிறதோ என்று ஓதி நாலு பக்கமும் ஊதினாள். உள்ளே மாமா நீளமாய் மூச்சை இழுத்து இருமும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். பயம், மரியாதை எல்லாம் விட்டுப்போயிற்று. முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டாள். கனகசிங்கம் முற்றத்தில் இல்லை. கால்வாசி எரிந்த சிகரெட் ஒரு சிரட்டைக்குள் அணைந்து கிடந்தது. குசினி வாசலில் அவர் மனைவி சிவகாமிப்பிள்ளை தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, நீங்களாவது ஐயாவுக்குச் சொல்லுங்க," என்றவளுக்கு அழுகை முட்டியது. "மாமாவுக்கு ஒண்டெண்டா நான் எந்த முகத்தோட அவர்ர மகனுக்குப் பதில் சொல்லுற? ஊருக்கெல்லாம் காத்துச் சொல்லுற மனிசன், தான் பத்துற சிகரெட்டுக்கு மட்டும் எப்பிடி ஒவ்வொரு நாளும் பிழைவிடுறார்?"

சிவகாமிப்பிள்ளை துருவலை நிறுத்திவிட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இவர் சிகரெட்டை விட்டு மூண்டு வருசம், பிள்ளை. பாங்கு சொன்னாப் பிறகு உங்கட மாமா எந்த ஜன்னல்ல சிவப்புத் துவாயைக் கட்டுறாரோ, அந்த ஜன்னலுக்குத்தான் இவர் ஒண்டைப் பத்தவைச்சுப் புகையை அனுப்புறவர்."