'இல்லை' காதில் விழாத உடுப்புச் சேட்டன்

'இல்லை' என்ற சொல்லைக் காதில் வாங்காமலே ஒருவர் நாற்பது வயதுவரை வாழ்ந்துவிட முடியும் என்று நிரூபித்துக் காட்டிய மனிதர் இவ்வுலகில் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் இட்ட பெயர் உடுப்புச் சேட்டன்.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இணையதளம் அமைப்பது தொழில். முதலாளி, பள்ளுருத்தியிலிருந்து வரும் சேட்டன், பக்கங்களுக்கு வாசகம் எழுதும், வயதில் எல்லாரிலும் மூத்த நான் ஆகிய மூவரே அங்கு இருந்தோம். கீழிருந்து எழும் நெடியால், முக்கிய முடிவுகள் யாவும் தும்மலுக்கு இடையிலேயே எடுக்கப்பட்டன.

அவருக்கு அப்பெயர் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் தெரியும் பட்டன் முதலான ஒவ்வோர் உறுப்புக்கும் சில பண்புகள் உண்டு: அளவு பெரியது, நிறம் பச்சை, அவசரம் இல்லை என்பன போல. இவற்றை வாங்கிக்கொண்டு, உரிய சிஎஸ்எஸ் கிளாஸ் பெயர்களைக் கோத்துத் தரும் 'ஃபங்ஷன்' என்னும் ஒரு சிறு நிரல்துண்டை அவர் எழுதியிருந்தார். அப்பெயர்களைப் பார்த்துத்தான் பட்டனுக்கு நிறமும் வடிவும் கிடைக்கும். "ஆள் எப்படீன்னு சொல்லு, உடுப்பு நான் தரேன்" என்பார். 'இல்லை' என்று வரும் பண்புகளை அந்த ஃபங்ஷன் ஓசையின்றி உதிர்த்துவிடும். காலப்போக்கில் அவரும் அப்படியே ஆகிவிட்டார்.

சாயாக்கடைக்காரர், "பால் தீர்ந்து போச்சு சேட்டா, சாயா இல்லை" என்பார்.

"அப்போ மீடியம், ஸ்ட்ராங், சூடா ஒண்ணு" என்று பெஞ்சில் அமர்ந்துவிடுவார் நம்மவர். சற்று நேரத்தில் கடைக்காரர் தோற்று, பக்கத்து வீட்டில் பால் கேட்கப் போவார்.

இரண்டு நிறங்கள் மோதினால் கடைசியாகச் சொன்னதே செல்லும் என்பது அவருடைய ஃபங்ஷனின் மற்றொரு விதி. அதை அலுவலகக் கூட்டங்களுக்கும் அவர் நீட்டித்தார். கடைசிச் சொல் தமதாக வேண்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்ததால், எந்தக் கூட்டமும் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்நிலையில்தான் பார்வதி மாமி எங்களிடம் வந்தார். அடுத்த தெருவில் தனியே வசித்து, வாழைக்காய் வறுவலான உப்பேரியும் அதை வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டியும் செய்து விற்பவர். "இந்த ஓணத்துக்கு ஆர்டர் வந்தா அடுக்களை நடக்கும். இல்லேன்னா பையன் என்னைப் பெங்களூருக்கு அழைச்சிண்டு போயிடுவான். அங்கே பத்தாவது மாடியில உக்காந்துண்டு நான் யாருக்கு வறுக்கறது?" என்றார்.

தளம் திறந்த காலையில் மாமியின் அழைப்பு வந்தது.

"டா உடுப்பு, ஆர்டர் பட்டன் இல்லைடா!"

"உண்டு மாமி. என் கம்ப்யூட்டர்ல பச்சைப் பசேல்னு இருக்கு."

"இல்லைங்கறேன்!"

"படத்துக்குக் கீழ வெறும் வெள்ளையா கிடக்கு பாருங்கோ, அவிடே ஒண்ணு அமுக்குங்கோ."

மாமி அமுக்கினார். ஆர்டர் பக்கம் திறந்துகொண்டது! வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்தாகப் பட்டன் ஒளிந்திருந்தது. அன்று காலை முழுவதும், தொலைபேசியில் கேட்டவர்களுக்கெல்லாம் வெற்றிடத்தை அமுக்கும் வித்தையை மாமி கற்பித்தார். வைட்டிலாவிலிருந்து ஓர் அம்மாள் அவ்வாறே அமுக்கிச் சர்க்கரை வரட்டி கேட்டிருந்தார். எனினும் ஊரார் அனைவருக்கும் மாமி எப்படிச் சொல்ல முடியும்?

"எடோ, அந்த ஃபங்ஷனே வேண்டாம்! எல்லாம் கையால எழுது!" என்று முதலாளி சீறினார்.

"சரி சார். பட்டன் எத்தற பெரிசு வேணும்?" என்றார் சேட்டன்.

பிறகு தமது தொலைபேசியில் தளத்தைத் திறந்து பார்த்தார். அங்கே பச்சையைக் காணோம். அவருடைய ஃபங்ஷன் 'பின்னணி' என்ற துண்டையும் 'பச்சை' என்ற துண்டையும் ஒட்டிப் பெயர் செய்தது. தளத்தை வெளியிடுவதற்கு மூட்டை கட்டும் கருவியோ, நிரலில் முழுதாக எழுதியிருக்கும் பெயர்களுக்குரிய உடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடும். ஒட்டுப்போட்ட பச்சை போயிற்று; முழுப்பெயர் கொண்ட வெள்ளை எழுத்து மட்டும் மிஞ்சியது. அவர் கம்ப்யூட்டரில் ஓடியது மூட்டை கட்டாத தளம் என்பதால் அங்கு மட்டும் பச்சை தெரிந்தது.

"மாமி சொன்னதுதான் சரி, சாரே. நான் கேக்காம போயிட்டேன்" என்றார் என்னிடம். ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய பெயரை ஃபங்ஷனுக்குள் முழுதாக எழுதிவைத்தார். மதியச் சோற்றுக்கு முன் பட்டன் பச்சை உடுத்தி வந்து நின்றது.

ஓணம் கழிந்தபின் மாமி படியேறி வந்தார், கையில் ஒரு பொதி உப்பேரியோடு. "பையன் டிக்கெட் எடுக்கட்டுமான்னு கேட்டான். நான் வரலைன்னுட்டேன்டா!"

அந்த 'இல்லை' மட்டும் சேட்டன் காதில் முழுதாக விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிளகு நெடி என்று சொல்லிக்கொண்டார்.

இப்போது அவருக்கு எர்ணாகுளத்தில் பெரிய வேலை. ஆயினும் ஞாயிறுதோறும் மட்டாஞ்சேரிக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "இந்தக் கிழவனைப் பார்க்க இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை, தம்பி" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். இதுவரை அவர் காதில் விழவில்லை.